காது அக்காவும் அணைக்கக் கூடாத கம்ப்யூட்டரும்

காது கேட்கும் கருவி பொருத்தித் தரும் அந்த மையத்தில் அவளுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இருக்கும் விஷயம் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றபடி எல்லோருக்கும் அவள் காது அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் மட்டும் "ஏம்மா" என்பார். வீட்டில் அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், அவரும் "என்ன காது அக்கா, கேக்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் டோக்கன் எழுத வந்தவள் அவள். உள் அறையில் இருந்த டெக்னீஷியன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "இவ்வளவு நாள் கதவுகிட்ட நின்னு எட்டி எட்டிப் பாத்தீங்கல்ல, இப்ப வந்து உக்காருங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்தாள். பிறகு முறையாகப் படித்துப் பரீட்சை எழுதியதெல்லாம் உண்டு. ஆனால் அன்று உட்கார்ந்தவள் இன்றுவரை எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மூக்குக்கு மேல் கோபம் வரும் அவளுக்கு. கருவியை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே" என்று வந்து நிற்பவர்களைக் கண்டால் விடமாட்டாள். "காதுல போடணும் சார். அலமாரியில போட்டா அலமாரிக்குத்தான் கேக்கும்" என்பாள். கோபம் ஐந்து நிமிஷம் தாங்காது. திட்டு வாங்கியவரின் கருவியைக் கையில் எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டித் துடைக்கும்போதே குரல் இறங்கிவிடும்.

அந்த உள் அறையில் இரண்டே சாமான்கள்தான் முக்கியம். ஒன்று, சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டு. காதைச் சோதிக்க ஆளை உட்கார வைக்கும் இடம். இன்னொன்று, மேஜையின் மேல் இருந்த பழைய கம்ப்யூட்டர். அதற்கு அவள் வைத்த பெயர் பெரியவர். "பெரியவர் இன்னிக்கு எப்படி இருக்கார்?" என்றுதான் காலையில் கதவைத் திறப்பாள்.

பெரியவரை ஏன் இவ்வளவு தாங்கினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். காதுக் கருவி என்பது மூக்குக்கண்ணாடி மாதிரிகூட இல்லை. ஒருவருக்கு மெல்லிய சத்தம் விழாது, இன்னொருவருக்குக் கீச்சுச் சத்தம் வலிக்கும். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் பதம் பார்த்து அமைக்க வேண்டும். அதற்குக் கருவியை ஒரு கையகலப் பெட்டியில் மாட்டி, பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டுவார்கள். அந்தப் பெட்டி பெரியவரோடு மட்டும்தான் பேசும். புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஊமையாகிவிடும். பெட்டியைச் செய்த கம்பெனி இழுத்து மூடியாகிவிட்டது. பெரியவருக்குள் ஓடும் சிஸ்டத்தைச் செய்தவர்களும், இனிமேல் இதற்கு அப்டேட் கிடையாது என்று என்றைக்கோ கைகழுவிவிட்டார்கள். ஆனால் அந்தக் கருவியைக் காதில் மாட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யார் கைகழுவுவது?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பெரியவரை அணைத்துவிட்டு மறுபடி போட்டபோது, அரை நாள் எழுந்திருக்காமல் படுத்துவிட்டார். காது அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றே ஒரு அட்டையில் சிவப்பு மையால் "அணைக்காதே! அணைத்தால் நான் மனுஷி இல்லை" என்று எழுதி ஸ்விட்சின் மேல் ஒட்டினாள். அதன் பிறகு பெரியவர் அணையவே இல்லை. மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரிப் பெட்டி, அது கெட்டால் இன்னொன்று. கூட்டிப் பெருக்கும் அம்மாகூட அந்த மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுதான் தூசி தட்டுவார்.

இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த இடத்தில்தான் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கையில் காகிதத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, தலைமை அலுவலகத்துலேர்ந்து உத்தரவு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு கம்ப்யூட்டர் பிரிவு ஆள் வர்றார். வாராந்தர அறிக்கையை இனிமே அவங்க வலைத்தளத்துலதான் ஏத்தணும். அதை ஏத்த முடியாத மெஷின், அப்டேட் இல்லாத மெஷின், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

"எடுத்துட்டுப் போய்?"

"புதுசு தருவாங்க."

"புதுசுல இந்தப் பெட்டி வேலை செய்யாதே, சார்!"

"அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியலையே" என்றார் மேனேஜர். நல்ல மனுஷர்தான், பாவம். அவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

காது அக்கா காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருபக்கம் இருக்கட்டும். உடனே கண்முன் வந்து நின்றது டீச்சரின் முகம். டீச்சர் என்றால் மூன்று தெரு தள்ளி இருக்கும் குழந்தைகள் காப்பகத்தின் டீச்சர். இரண்டு காதிலும் கருவி. பத்து நாள் முன்பு, பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் தொட்டிக்குள் ஒரு வாண்டு தலைகுப்புற விழ, டீச்சர் யோசிக்காமல் உள்ளே பாய்ந்துவிட்டார். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. டீச்சரின் கருவி இரண்டும் போயின. பழுது பார்க்க அனுப்பியாயிற்று. ஆனால் திரும்பி வரும்போது உள்ளே இருந்த அமைப்பு அத்தனையும் அழிந்து, வெற்றுக் கருவியாகத்தான் வரும். பதினோரு வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து திருத்திய அமைப்பு அது. பிள்ளைகளின் வீறிடல் வலிக்காமல், ஆனால் மூலையில் எழும் சின்னச் சிணுங்கல் தப்பாமல் விழுகிற மாதிரி. அது பெரியவரின் வயிற்றுக்குள்தான் இருந்தது.

காப்பகத்துக்காரர்கள் தன்மையாகவே சொல்லியிருந்தார்கள். காது கேட்காத ஆளை இருபது பிள்ளைகளோடு தனியாக விட முடியாது. அடுத்த திங்கட்கிழமைக்குள் சரியானால் பழைய இடம், இல்லையென்றால் வேறு ஆள். புது மாடல் கருவிக்கு எழுதிப் போட்டால் வரிசையில் ஆறு மாதம்.

அன்று சாயங்காலமே காது அக்கா தன் கூடப்பிறந்த அக்காவின் மகளுக்குப் போன் போட்டாள். அவள் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள்.

"சித்தி, அந்த சிஸ்டமா? இன்னும் உயிரோட இருக்கா? மியூசியத்துக்குக் குடுத்துடுங்க" என்று சிரித்தாள்.

"முதல்ல உன்னைக் குடுக்கறேன் மியூசியத்துக்கு" என்று போனை வைத்தாள் காது அக்கா.

ஆனால் அந்தப் பெண் நல்லவள். பத்து நிமிஷத்தில் ஒரு இணைய முகவரி அனுப்பி, "இங்க கேட்டுப் பாருங்க சித்தி, இவங்க கொஞ்சம் கிறுக்கங்க" என்று எழுதியிருந்தாள்.

கிறுக்கர்கள்தான். கம்பெனி கைவிட்ட பழைய சிஸ்டங்களுக்குத் தாங்களே அப்டேட் எழுதி, தாங்களே சோதித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைக்கிற கூட்டம். உலகத்தின் நாலா மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். புது வலைத்தளங்களைத் திறக்கும் பிரவுசரைப் பழைய சிஸ்டத்துக்கு ஏற்ற மாதிரி தைத்துச் சின்னதாக்கியிருந்தார்கள். கம்பெனி அடைக்காமல் விட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்திருந்தார்கள். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களை நம் பேச்சில் சொன்னால் பழைய ஆணி, ஈரச் சாக்ஸ், பாதித் தூக்கம், தக்காளி மூக்கு. பார்த்தவுடன் காது அக்காவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஈரச் சாக்ஸை நம்பிப் பெரியவரை ஒப்படைப்பதா?

வேறு வழியில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினாள். காதுக் கருவி, பெட்டி, வெள்ளிக்கிழமை, இருபது பிள்ளைகள், எல்லாவற்றையும் கொட்டினாள். பழைய ஆணி என்ற ஆள்தான் பதில் போட்டார். செவ்வாய் முழுக்க அவர் கேட்டார், இவள் சொன்னாள். புதன்கிழமை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி முழு வழிமுறையையும் எழுதி அனுப்பினார். முதல் வரியைப் படித்ததுமே காது அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெஷினை அணைக்கவும். மின் இணைப்பைப் பிடுங்கவும். உள்ளே தூசி தட்டவும்."

வியாழக்கிழமை மதியம், கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு அட்டையைப் பிய்த்தாள். "மன்னிச்சுக்கோங்க, பெரியவரே" என்று சொல்லி அணைத்தாள். ஒன்பது வருஷத் தூசி ஒரு முறம் இருந்தது. மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி வந்து, தொடர வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்து என்றது. பெரியவர் எழுந்தாரே, அதுவே போதும் என்று அழுத்தினாள். மேலே இருந்த வரியைப் படிக்கவில்லை. பழைய ஆணி சொன்னபடி எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்தாள். அப்டேட்டுகளை வரிசை மாறாமல் ஏற்றினாள். பிரவுசரைப் போட்டாள். தலைமை அலுவலகத்தின் தளத்தைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

சிவப்புத் திரை. இந்தத் தளத்தை நம்ப முடியாது, திறக்க முடியாது.

சரி, காதுக் கருவியை அமைக்கும் மென்பொருளையாவது பார்ப்போம் என்று டீச்சரின் பதிவைத் திறந்தாள். அங்கேயும் சிவப்பு. இந்தப் பதிவு செல்லாது.

மதியம்வரை திறந்துகொண்டிருந்த பதிவு! உள்ளதும் போச்சு என்று அப்படியே நாற்காலியில் சரிந்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம். காப்பி எடுத்த டிஸ்கை எப்படித் திரும்பப் போடுவது என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. போனை எடுத்துப் பழைய ஆணிக்கு எழுதினாள். அரைகுறை ஆங்கிலம் கோபத்தில் முழு ஆங்கிலம் ஆகிவிட்டது. "உங்களை நம்பினேன். ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது மனுஷர்களின் காது." அனுப்பிவிட்டு அழுதாள். அழுதது கோபத்திலா பயத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கருவியும் பழுது பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. நேரம் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி வேனில் அவளைக் கொண்டுவந்து விட்டார் கணவர். மையத்தின் வாசலில் டீச்சர் ஏற்கெனவே நின்றிருந்தார். இறங்கப் போகும்போதுதான் போனில் பதில் வந்திருப்பதைப் பார்த்தாள். பழைய ஆணி கோபிக்கவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டிருந்தார்.

"திரையின் கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது? இந்த மெஷினை எத்தனை வருஷமாக அணைக்காமல் வைத்திருந்தீர்கள்?"

ஓடினாள். டீச்சரும் பின்னாலேயே ஓடிவந்தார். சுவரில் கடிகாரம் தொங்கும்போது கம்ப்யூட்டரின் மூலையை யார் பார்க்கிறார்கள்? இப்போது பார்த்தாள். பெரியவரின் கணக்கில் அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஜனவரி இரண்டாம் தேதி. நேற்று எழுந்ததும் ஜனவரி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை டீச்சர் இன்னும் இந்த மையத்துக்கு வரவே இல்லை. வராத ஆளின் பதிவு எப்படிச் செல்லும்? தலைமை அலுவலகத்தின் தளத்தை நம்பலாம் என்று காட்டும் நம்பிக்கைச் சீட்டும் அவர் கணக்கில் இன்னும் எழுதப்படவே இல்லை.

பழைய ஆணி கீழே எழுதியிருந்தார். கம்ப்யூட்டருக்குள் ஒரு காசு அளவு பேட்டரி இருக்கும். அணைத்திருக்கும் நேரத்தில் தேதியை நினைவில் வைப்பது அதுதான். அது செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அணைக்காமலே வைத்திருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. புதுசு போட்டுவிட்டுத் தேதியைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை அணைக்கும்போது மறுபடி மறந்துவிடும்.

காது அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அணைக்காதே, அணைக்காதே என்று ஒன்பது வருஷம் காவல் காத்தது யார்? இவள். கறுப்புத் திரையில் அந்த இரண்டு வரியைப் படிக்காமல் விட்டது யார்? இவள். திட்டு வாங்கியது யார்? எங்கேயோ உட்கார்ந்து, முகம் தெரியாதவளுக்காக எண் போட்டு எண் போட்டு எழுதிய மனுஷர்.

"என்னக்கா ஆச்சு?" என்றார் டீச்சர். கருவி இல்லாததால் குரல் கொஞ்சம் உரக்க வந்தது. ஆனால் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பாதி ஊர்க்கதையைப் படித்துவிடுவார்.

"நான் ஒரு மடச்சி டீச்சர். அவ்வளவுதான் ஆச்சு."

"அது மட்டும் உதட்டைப் பாக்காமலே தெரிஞ்சுது" என்று டீச்சர் சிரித்தார். கண்ணில் பயம் அப்படியே இருந்தது.

பேட்டரி விற்கும் கடை திறக்கப் பத்து மணி ஆகும். ஆள் வருவது பதினொன்றுக்கு. பெரியவரை மறுபடி அணைத்து, பக்கக் கதவைக் கழற்றிப் பேட்டரியை நெம்பி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! வாசலுக்குப் பாய்ந்தாள். கணவர் வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! வண்டிச் சாவியக் குடுங்க!"

"எதுக்கும்மா? நீ ஓட்டப் போறியா?"

"அந்த ரிமோட்டுல இருக்கற பேட்டரி வேணும்."

"அப்புறம் நான் கதவை எப்படித் திறக்கறது?"

"சாவியை ஓட்டையில விட்டுத் திருப்புங்க. கை இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. இத்தனை வருஷம் உனக்குக் கும்பிடு போட்டுப் போட்டுத் தேயாம மிச்சம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் சாவியைப் பிளந்து எடுத்துக் கொடுத்தார். கேலி செய்தாரே தவிர, அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும்வரை வாசலிலேயே நின்றார்.

பொருந்தியது. பெரியவரைப் போட்டுத் தேதியைத் திருத்தினாள். டீச்சரின் பதிவைத் தட்டினாள். ஒரு நொடி, இரண்டு நொடி. பதினோரு வருஷமும் வரிசையாக வந்து நின்றது. தலைமை அலுவலகத்தின் தளமும் சாதுவாகத் திறந்தது. காது அக்கா இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் கதவருகிலிருந்தே தலையை ஆட்டிவிட்டு, சாவியை ஓட்டையில் விடப் போனார்.

உடனே பழைய ஆணிக்கு எழுதினாள். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள், தேதியைப் பார்க்காத குருடியாக இருந்தேன் என்று. அடுத்த நிமிஷமே பதில் வந்தது. ஆள் விழித்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்! "பரவாயில்லை. போன வருஷம் ஒருவர் இதைவிட நன்றாகத் திட்டினார். அவருக்கும் பேட்டரிதான். என்னிடமும் அணைக்கப் பயப்படும் ஒரு மெஷின் இருக்கிறது. நீங்கள் முதலில் அந்தக் காதுகளைப் பாருங்கள்."

பார்த்தாள். கருவி இரண்டையும் பெட்டியில் மாட்டி, அமைப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பிரிவு ஆள் தோள்பையோடு வந்துவிட்டார். மேனேஜர் அவர் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வந்தவர் பெரியவரைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். தன் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். அறிக்கையை ஏற்றச் சொன்னார், ஏறியது. அப்டேட்டுகளைக் காட்டச் சொன்னார், காட்டினாள். அதை வெகுநேரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"யார் பண்ணிக் குடுத்தது இதெல்லாம்?"

"தெரியாது, சார்."

"தெரியாதுன்னா?"

"பேர் தெரியாது, ஊர் தெரியாது, முகம் தெரியாது. கேட்டேன், குடுத்தாங்க."

அவர் பேனாவை எடுத்தார். இதில் எங்கள் தளத்தைத் தவிர வேறு எதையும் திறக்கக் கூடாது, வாரம் ஒரு தடவை காப்பி எடுக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இருக்கட்டும்" என்றார். மேனேஜர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்து, "அக்கா, இருக்கட்டும்னுட்டார்!" என்று அவளிடமே சொன்னார்.

இனிக் கடைசிச் சோதனைதான் பாக்கி. டீச்சரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் கருவிகளை மாட்டினாள். வெளியே உட்கார்ந்து, மைக்கில் ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். டீச்சர் உதட்டைப் படித்துவிடக் கூடாது என்பதால், வாயை மறைக்க ஒரு அட்டை. கையில் கிடைத்தது "அணைக்காதே" அட்டைதான். அதையே பிடித்துக்கொண்டாள்.

மேஜையில் சோதனைக்கான சொல் பட்டியல் இருந்தது. பல், கல், மரம், கதவு. டீச்சருக்குப் பதினோரு வருஷத்தில் அது மனப்பாடம். பக்கத்தில் திரையில், அப்டேட்டைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. காது அக்கா பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

"பழைய ஆணி" என்றாள் அட்டைக்குப் பின்னாலிருந்து.

டீச்சர் முகத்தைச் சுளித்தார். "பழைய ஆணி?"

"ஈரச் சாக்ஸ்."

"ஈரச் சாக்ஸ். அக்கா, என்ன இதெல்லாம்?"

"திருப்பிச் சொல்லுங்க டீச்சர், பேசாதீங்க. பாதித் தூக்கம்."

"பாதித் தூக்கம்."

குரலைக் குறைத்துக்கொண்டே போனாள். மூணாம் மாடி, தக்காளி மூக்கு, உடைஞ்ச குடை. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்பதாவது பெயரைச் சொல்லும்போது டீச்சர் சிரிப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொன்றையும் பிள்ளைகளின் வருகையைக் கூப்பிடுகிற மாதிரி அழுத்தமாகத் திருப்பிச் சொன்னார். பத்தாவதாக, "சும்மா ஒருத்தன்" என்றாள் காது அக்கா.

"சும்மா ஒருத்தன்."

பத்தோடு சோதனை முடிந்தது. அட்டையை இறக்க வேண்டும். ஆனால் காது அக்காவின் முகம் கோணிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று அட்டைக்குப் பின்னாலேயே இருந்தாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்று, தனக்குத்தானே, மூச்சோடு மூச்சாக முணுமுணுத்தாள்.

கூண்டுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இதுவும் பட்டியல்ல இருக்காக்கா?" என்றார்.

"இருக்கு டீச்சர்" என்றாள் காது அக்கா. தாளில் பதினொன்று என்று எண் போட்டு, அதையும் எழுதி, பக்கத்தில் சரி என்று டிக் அடித்தாள்.